தோப்பும் தோட்டமும்

மரம் நடுதல் அறம் என்று பள்ளிப் பருவத்திலேயே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. அசோகச் சக்கரவர்த்தி சாலைகளின் இரு மருங்கிலும் மரங்களை நடுவித்தார் என்பது சரித்திர பாடம். முல்லைக் கொடிக்குத் தன் தேரை ஈந்த பாரியின் கதை தமிழ்ப் பாடம். இவ்விரண்டையும் படிக்கும் மாணவன், மரத்தை நடுபவன் நல்லவன், வெட்டுபவன் தீயவன் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறான். பரீட்சைக்கு அதுவே போதுமாதலால் ஆசிரியரும் அதற்கப்பால் செல்வதில்லை. ஆனால் எந்த மரம், எவருடைய நிலத்தில், எவருடைய நீரைக் குடித்து, எவருடைய உழைப்பால், எவருக்காக நடப்படுகிறது என்ற வினாக்களை எழுப்பாமல், மரம் நடுதல் அறமென்று கூறிவிட முடியுமா? இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட மரத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையது. பொதுமையில் பேசப்படும் அறம் எவரையும் சுடுவதில்லை. குறிப்பான பொருளைத் தொடும்போதுதான் அது சுடத் தொடங்குகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் மரம் யூகலிப்டஸ். அதிலும், குளிரைத் தாங்கக் கூடியதாய், பெரிய வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் 'யூகலிப்டஸ் குன்னி' என்ற இனம். தஸ்மேனியாத் தீவின் உயர்ந்த மேட்டு நிலங்களே இதன் தாயகம். 1840ஆம் ஆண்டில் அத்தீவை வந்தடைந்த இளம் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், தமக்கு மாதிரிகள் சேகரித்து உதவிய ரொனால்ட் கன் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டி, 1844இல் விஞ்ஞான உலகுக்கு அறிவித்தார். இளமரத்தின் இலைகள் காசு போல் வட்டமானவை. வெள்ளியும் நீலமும் கலந்த நிறத்தவை. மரம் முதிர்ந்ததும் இலை நீண்டு, பச்சையாகி, ஏனைய யூகலிப்டஸ் இலைகளைப் போலாகிவிடும். உறைபனியையும் பொறுத்து, மாரியிலும் இலை உதிராமல் நிற்பதால், இங்கிலாந்து முதலிய குளிர் நாடுகளின் தோட்டக்காரர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

இம்மரத்தை வளர்க்கும் முறையிலேயே நம் சிந்தனைக்குரிய இரு செய்திகள் உள்ளன. முதலாவது, இது இருபது மீற்றருக்கு மேல் ஓங்கி வளரக் கூடியது. வேர் விரிந்து பரவுவது. வீட்டுச் சுவரை அடுத்து நடத் தக்கதன்று. ஆகவே இதனை அதன் இயல்பில் வளர விட விரும்புபவருக்குப் பெரிய தோட்டம் வேண்டும். இரண்டாவது, வட்டமான வெள்ளி இலைகளையே எப்போதும் காண விரும்புபவர், இளவேனில் தோறும் மரத்தை நிலமட்டத்துக்கு அண்மையில் வெட்டிவிடுகின்றனர். வெட்டிய அடியிலிருந்து இளந்தளிர்கள் கிளைக்கின்றன. மரம் முதிராமலேயே இருக்கிறது. கண்ணுக்கு இனிய இளமைக்காக ஓர் உயிரை வளர விடாமல் வைத்திருத்தல் என்று இதனைக் கூறலாம்.

இலங்கையில் இதற்கு இணையான செய்கையை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேயிலையும் மரமே. விட்டால் பல மீற்றர் உயரம் வளரும். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு எட்டும் வண்ணம் அது இடுப்பளவில் கவாத்துச் செய்யப்படுகிறது. அங்கே ஒரு மரம் அழகுக்காகக் குறுக்கப்படுகிறது. இங்கே ஒரு மரம் இலாபத்துக்காகக் குறுக்கப்படுகிறது. அதில் மட்டும் மரத்துக்கு இழைத்த அநீதியைத் தேடுவது மிகையாகும். உழவு என்பதே இயற்கையை மனிதன் தன் தேவைக்கேற்பத் திருத்துவதுதான். தேவை எவருடையது, திருத்துவதற்கு வளையும் முதுகு எவருடையது என்பதே வினா.

இதனைத் தோப்பூரிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்குத் தெற்கில் உள்ள இவ்வூரின் வெம்மையில் தஸ்மேனியாவின் குளிர் மரம் பிழைக்காது. ஆயினும் 'தோப்பு' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் இது. தோப்பு என்பதும் தோட்டம் என்பதும் அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள். வாழ்க்கையில் அவை வெகுதொலைவில் நிற்கின்றன. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு என்று சொல்லும்போது, உரிமையாளர் ஒருவர் இருந்தாலும், வழிப்போக்கனுக்கு நிழலும், சிறுவருக்கு உதிர்ந்த காயும், ஊருக்கு ஒரு கூடுமிடமும் அதில் அடங்கியிருக்கின்றன. 'தோட்டம்' என்ற சொல்லோ இலங்கைத் தமிழில் இரண்டாகப் பிளந்து போயிற்று. ஒருவனுக்கு அது வீட்டைச் சூழ்ந்த பூந்தோட்டம். மற்றொருவனுக்கு அது லயன் அறை, பிரட்டுக் களம், கங்காணி, கொழுந்துக் கூடை. பெரிய தோட்டம் என்று ஒருவர் மகிழ்ந்து கூறுவதையே, பெருந்தோட்டம் என்று இன்னொருவர் பெருமூச்செறிந்து கூறுகிறார். ஒரே மொழியின் ஒரே சொல்லில் இரு வர்க்கங்கள் குடியிருக்கின்றன.

இப்பிளவு இயற்கையில் விளைந்ததன்று. அதற்குச் சரித்திரம் உண்டு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டத்தின்படி, உறுதி காட்ட இயலாத கிராம மக்களின் சேனை நிலங்களும் காடுகளும் அரசின் சொத்தெனக் கொள்ளப்பட்டு, கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வறுமையாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள் மலையேறிக் காட்டைத் தோட்டமாக்கினர். பறித்த கொழுந்தை உலர்த்த நெருப்பு வேண்டும். ஒரு கிலோகிராம் தேயிலைக்கு ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட விறகு வேண்டும். இருந்த காட்டை அழித்தாயிற்று. இனி விறகுக்கு எங்கே போவது? இங்கேதான் அவுஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மலையகத்துக்குள் நுழைகிறது. விரைந்து வளரும், வெட்டினால் மீண்டும் தளிர்க்கும், மாடு தின்னாது, காற்றைத் தடுக்கும். அயலே நீலகிரியில் இவ்வனுபவம் முன்னரே தொடங்கியிருந்தது. 1843இல் அங்கு கொண்டுவரப்பட்ட நீல யூகலிப்டஸ், உதகமண்டலத்துத் துரைமாரின் கணப்புகளுக்காகச் சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிப் பரவிற்று. மலைச்சரிவின் இயற்கைக் காட்டைக் குறிக்கும் நம் 'சோலை' என்ற சொல்லை ஆங்கிலேயர் தம் தாவரவியல் நூல்களில் ஏற்றுக்கொண்டனர். சொல்லைக் காப்பாற்றிய அளவுக்குச் சோலையைக் காப்பாற்றவில்லை.

ஹூக்கரின் பெயர் இச்சரித்திரத்தில் மீண்டும் ஒருமுறை வருகிறது. தஸ்மேனிய மரத்துக்குப் பெயரிட்ட அதே ஹூக்கர், பிற்காலத்தில் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்தபோது, 1873இல், இலங்கையில் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது விடும்படி ஆலோசனை கூறினார். ஹோர்ட்டன் சமவெளி முதலிய இடங்கள் இன்று எஞ்சியிருப்பதற்கு அது ஒரு காரணம். இதற்காக அவரை நன்றியுடன் நினைவுகூரலாம். ஆனால் ஐயாயிரம் அடிக்குக் கீழே இருந்த காட்டுக்கும், அதனை நம்பி வாழ்ந்த கண்டிய விவசாயிக்கும், அங்கு கொண்டுவந்து குடியேற்றப்பட்ட கூலிக்கும் அவ்வாலோசனையில் இடமிருக்கவில்லை. ஏகாதிபத்தியம் இயற்கையைக் காப்பாற்றவும் அறிந்திருந்தது. காப்பாற்றப்படும் எல்லையைக் கீறும் கோல் மட்டும் எப்போதும் அதன் கையிலேயே இருந்தது.

மலையகத்துத் தோட்டத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்ப்பவர் ஒருவகை. அதன் அடியில் குனிந்து உதிர்ந்த சுள்ளி பொறுக்குபவர் இன்னொருவகை. நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண், மாலையில் விறகுக் கட்டைத் தலையில் சுமந்து லயத்துக்குத் திரும்பும் காட்சியை மலையகத்தில் ஒரு நாளேனும் தங்கியவர் அறிவர். மரத்தை நட்டவர் அவருடைய பாட்டனாராக இருக்கலாம். மரம் தோட்டத்தின் சொத்து. கீழே விழுந்த கொப்பு எவருடையது? இவ்வினா புதியதன்று. 1841இல் ரைன் மாகாணச் சட்டசபை, காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதையும் திருட்டெனத் தண்டிக்க முற்பட்டது. அதனைக் கண்டித்து 'ரைன் பத்திரிகை'யில் எழுதிய இருபத்துநான்கு வயது இளைஞர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம் கவனத்தை முதன்முதல் திருப்பியது அவ்விவாதமே என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார். காய்ந்த சுள்ளியிலிருந்து 'மூலதனம்' வரை சென்ற சிந்தனைக்கு மலையகத்தின் விறகுக் கட்டு அந்நியமானதன்று.

அடுத்து நீர். யூகலிப்டஸ் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்பது மக்கள் வாக்கு. அவ்வாக்கைக் குருட்டு நம்பிக்கையென ஒதுக்குவதும், ஆராயாமல் ஏற்பதும் ஒருசேரத் தவறு. நீலகிரியில் உதகமண்டலத்து மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர், அடுத்தடுத்த இரு நீர்பிடி நிலங்களை எடுத்து, ஒன்றை இயற்கைப் புல்வெளியாக விட்டு, மற்றதில் நீல யூகலிப்டஸ் நட்டு, 1972 முதல் ஓடைநீரை அளந்தனர். முதற் பத்தாண்டில் மரம் நட்ட நிலத்திலிருந்து வந்த நீர் ஏறத்தாழ 16 வீதம் குறைந்தது. மரங்களை வெட்டி, மறுதளிர்ப்பில் வளர விட்ட அடுத்த பத்தாண்டில் குறைவு இன்னும் பெருகிற்று. எல்லா நிலத்திலும் எல்லா யூகலிப்டஸும் இவ்வாறே செய்யும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. புல்லிருந்த மலையில் விரைந்து வளரும் மரத்தை நெருக்கி நட்டால், கீழே வாழ்பவனின் ஓடை மெலியும் என்பது மட்டும் உறுதி.

கீழே வாழ்பவன் யார்? மலையகத்தில் ஊற்றெடுக்கும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் கிளையான வெருகலாற்றின் நீரை நம்பியே இப்பக்கத்து வயல்கள் பல விளைகின்றன. மலையில் எவரோ தம் மனைக்கும் ஆலைக்கும் நட்ட மரங்களைப் பற்றி அவர்கள் செய்யும் தீர்மானத்துக்கும், கடலோரத்து விவசாயியின் வரப்புக்கும் இடையே ஓடுகிறது இந்த ஆறு. நீர் எத்துணைப் பாரதூரமான பொருள் என்பதை இப்பிரதேசத்து மக்களுக்கு எவரும் புத்தகத்திலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். அரசு படை நடவடிக்கையில் இறங்கிற்று. ஆகஸ்டில் போர் மூதூருக்குப் பரவி, மூதூரினதும் தோப்பூரினதும் மக்கள் உடுத்த உடையோடு ஊரை விட்டு ஓடினர். மதகை மூடியவருக்கும் படையை ஏவியவருக்கும் தத்தம் நியாயங்கள் இருந்தன. வாய்க்காலின் கடைசி வயலில் நின்றவனிடம் எவரும் நியாயம் கேட்கவில்லை.

இத்தனையையும் கூறிய பின், மூன்று எளிய விடைகள் நம் முன் வந்து நிற்கும். மூன்றும் கவர்ச்சியானவை. மூன்றையும் நாம் மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் விடை, தோட்டக்காரரின் விடை: "என் நிலம், என் பணம், என் இரசனை. ஒரு மரத்தை நட எவரிடம் அனுமதி கேட்க வேண்டும்?" ஒரு மரத்தைப் பொறுத்தவரை இது பெரிய குற்றமன்று, தனிமனிதன் மீது பாய்வதற்காக நாம் எழுதவில்லை. ஆயினும் 'என் நிலம்' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மலையகத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தனி வீடு கட்டுவதற்கென அரசு வகுத்த அளவு 7 பேர்ச்சஸ் காணி. அது 180 சதுர மீற்றருக்கும் குறைவு. இருநூறு ஆண்டு உழைத்த மக்களுக்கு வழங்க நினைத்த நிலம், வெள்ளி இலை மரம் ஒன்று தாராளமாய்க் கிளைபரப்பி நிற்கவும் போதாது. அதுவும் இன்னும் பல குடும்பங்களை எட்டவில்லை. மரத்துக்குப் பெரிய தோட்டம் வேண்டுமென்று கவலைப்படும் ஒழுக்கம், மனிதனுக்கு எவ்வளவு வேண்டுமென்று கேட்கும்போது மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதேன்?

இரண்டாவது விடை, தேசாபிமானியின் விடை: "இது அந்நிய மரம், ஆகவே பிடுங்கி எறிய வேண்டும்." முற்போக்காளர் சிலரும் இவ்விடையில் மயங்குவதுண்டு. ஆனால் இதைவிட அபாயகரமான வாதம் நம் நாட்டில் வேறில்லை. வறியவன் வயிற்றை நிரப்பும் மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கிழக்கு மாகாணத்தின் மரமுந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. நம் கறிக்கு உயிரூட்டும் மிளகாயும் கடல் கடந்தே வந்தது. வந்தவற்றையெல்லாம் பிடுங்கினால் அடுப்பில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. அதனினும் முக்கியமாக, 'அந்நியம்' என்ற சொல் தாவரத்தோடு நிற்பதில்லை. மலையகத்துக் காட்டைத் திருத்தித் தேயிலையை வளர்த்த மக்களை அந்நியரென்று கூறியே 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் அமர்ந்து, ஐந்தே கால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று, நாற்றுக்களைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டனர். கப்பலேறியவர்களுள் ஒரு பகுதியினர், தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் கீழ் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அங்கும் யூகலிப்டஸ், அங்கும் தேயிலை, அங்கே அவர்கள் பெயர் 'சிலோன்காரர்'. வேர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு மரத்தைத் தீர்ப்பவன், ஒருநாள் மனிதனையும் அவ்வாறே தீர்ப்பான். ஆகவே ஒரு மரம் எங்கிருந்து வந்தது என்பதன்று, இங்கே என்ன செய்கிறது, எவர் கட்டளையால் செய்கிறது என்பதே நம் வினாவாக இருத்தல் வேண்டும்.

கர்நாடகத்து விவசாயிகள் இவ்வேறுபாட்டைத் தம் செய்கையால் காட்டினர். பொது மேய்ச்சல் நிலங்களைக் காகிதக் கூழுக்கான யூகலிப்டஸ் வளர்ப்பதற்காக அரசு ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தபோது, 1987 நவம்பரில் குசனூர் என்னும் கிராமத்தில் அவர்கள் கூடி, யூகலிப்டஸ் கன்றுகள் சிலவற்றைப் பிடுங்கி, அவ்விடத்தில் தமக்குப் பயன்தரும் மரக்கன்றுகளை நட்டனர். 'பிடுங்கு, நடு' என்பதே அப்போராட்டத்தின் பெயர். மரம் என்ற சாதியின் மேல் அவர்களுக்குப் பகை இருக்கவில்லை. ஊர்ப் பொதுவை ஊரைக் கேளாமல் கொடுத்ததையே அவர்கள் எதிர்த்தனர். பிடுங்கிய கை நடவும் செய்தது.

மூன்றாவது விடை, நம் முகாமிலேயே சிலர் கூறும் விடை: "அழகு என்பதே சீமான்களின் ஆடம்பரம், பசித்தவனுக்குப் பூவும் இலையும் எதற்கு? உண்ணத் தருவதை மட்டும் நடுக." இது பாட்டாளியின் பெயரால் பாட்டாளியை இழிவுபடுத்துவது. லயன் அறையின் வாசலில், நாலடி அகலமும் இல்லாத இடத்தில், பழைய தகரத்தில் மண்ணிட்டுச் செவ்வந்தியும் டேலியாவும் வளர்ப்பவர்கள் யார்? பசியறியாதவர்களா? உழைப்பாளிக்கு அழகுணர்ச்சி இல்லை என்பது, அவனுக்கு அழகை மறுத்தவன் தன் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்ட பொய். நற்றிணையில் ஒரு பெண், தானும் தோழியரும் விளையாட்டாய் ஊன்றிய கொட்டையிலிருந்து முளைத்த புன்னையை உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு நகையாட நாணுகிறாள். அப்புன்னையை அவள் விலை கொடுத்து வாங்கவில்லை. வேலி கட்டி அடைக்கவுமில்லை. பாலும் நெய்யும் வார்த்து வளர்த்தாள். கொட்டியாரக் கரையிலும் வளரக் கூடிய அம்மரம் காட்டும் அழகு, உறவின் அழகு. நாம் எதிர்ப்பது அழகை அன்று. அழகு உடைமையாகச் சுருங்கிப் போனதையே.

வெள்ளி இலை மரத்தின் இன்றைய கதி இதனைத் தெளிவாக உணர்த்துகிறது. தஸ்மேனியாவின் ஆதிக்குடிகள் அம்மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் இனிய சாற்றைச் சேர்த்து, அது புளித்ததும் பருகினர். மரம் அவர்களுக்குப் பந்தியும் விழாவுமாய் இருந்தது. பிரித்தானியக் குடியேற்றத்தின்போது அம்மக்களுள் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியவர் பலர் 1830களில் பிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம் நிலவுரிமைக்காகக் குரல் கொடுக்கின்றனர். அம்மேட்டு நிலத்தில் வளரும் குன்னி மரத்தின் ஒரு பிரிவோ, வறட்சியாலும் வெப்பம் ஏறுவதாலும் பட்டுப்போய், அழியும் அபாயத்தில் உள்ளதென அவுஸ்திரேலியச் சட்டத்தால் பட்டியலிடப்பட்டுள்ளது. உலகின் குளிர் நாட்டுத் தோட்டங்களில் அந்த இனத்தின் கன்றுகள் செழித்து விற்பனையாகின்றன. பிறந்த மண்ணில் அதன் உறவினம் நின்றபடியே உலர்கிறது. உலகை வெப்பமாக்கிய புகை பெரும்பாலும் செல்வ நாடுகளின் ஆலைகளிலிருந்து எழுந்தது. ஒரு கையால் மரத்தைத் தோட்டத்தில் நட்டு, மறு கையால் அதன் தாயகத்தை உலர்த்துவதை இரசனை என்று மட்டும் அழைத்து நிறுத்திவிட முடியாது.

அவ்வாறாயின் மரம் நடுபவன் தன்னைத்தானே கேட்க வேண்டியவை யாவை? இம்மரம் குடிக்கும் நீர் எவருடைய வாய்க்காலிலிருந்து குறைகிறது? இதனை நட்டு, வெட்டி, சுமப்பவருக்கு இதில் உரிமை என்ன? இதனை நட வேண்டுமென்ற தீர்மானத்தில் இதன் அருகே வாழ்பவருக்குக் குரல் இருந்ததா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை கூறக் கூடிய எந்த மரமும், அது தஸ்மேனியாவிலிருந்து வந்தாலும், நம் புறவளவில் தானே முளைத்தாலும், நல்ல மரமே. கூற முடியாத மரம், அது எத்துணை வெள்ளியாய் மின்னினாலும், பழைய குறுநில மன்னரின் காவல் மரத்தைப் போன்றது. இது என் எல்லை, நெருங்காதே என்பதைத் தவிர அது எவருக்கும் எதையும் சொல்வதில்லை.

இவ்வினாக்கள் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியவை. பாடசாலைகளில் ஆண்டுதோறும் மரநடுகை விழா நடக்கிறது. அதிபர் ஒரு கன்றை ஊன்ற, பிரமுகர் ஒருவர் நீர் வார்க்க, புகைப்படம் எடுக்கப்படுகிறது. அடுத்த சோழகக் காற்றில் கன்று வாடிப்போனதை எவரும் அறிவதில்லை. அவ்விழாவுக்கு முன்பு ஒரு வகுப்பில், அசோகர் நடுவித்த மரத்துக்குக் குழி தோண்டியவர் யார் என்று ஒரு மாணவி கேட்கட்டும். பாரி ஈந்த தேரைச் செய்த தச்சன் எங்கே போனான் என்று இன்னொரு மாணவன் கேட்கட்டும். பாரியின் கொடை அதனால் சிறுத்துவிடாது; கொடுக்க முடிந்தவனுக்கும் செய்ய மட்டும் முடிந்தவனுக்கும் இடையிலுள்ள தூரம் வகுப்பறையில் தெரியவரும். அதன் பின்பு அவர்கள் வெளியே சென்று, மருதோ, நாவலோ, புன்னையோ, எந்த மரத்தை எங்கே நடுவதென்று ஊராரைக் கேட்டு முடிவு செய்யட்டும். நீர் வார்க்கும் முறையைத் தமக்குள் பங்கிட்டுக் கொள்ளட்டும். நிழல் விழும் பக்கத்தில் வேலி இடாதிருக்கட்டும்.

அவ்வாறு நடப்படும் மரம் ஒன்றே ஒன்றாயினும் அது தோப்பின் தொடக்கம். அதுவின்றி நாடு முழுதும் மரங்களால் நிறைந்தாலும், அது இன்னுமொரு பெருந்தோட்டமாகவே இருக்கும்.